கருவாலி இரவல் கொடுத்த பெயர்

வாங்கின பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னும் வாயில் வைத்து மென்றுகொண்டிருக்கிறாயே, உனக்குத்தான் இந்தக் கதை. நீ யார் என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. இன்று காலையில்கூட அதை யார் மேலாவது வீசிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பாய். பால் பாத்திரத்தைத் தட்டிவிட்ட பிள்ளை மேலே, குறுக்கே வண்டியை விட்டவன் மேலே, யாரும் கிடைக்காவிட்டால் உன் மேலேயே. அது யாருடையது, என்ன பேச்சுப் பேசி வாங்கினாய் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறாயா? மாட்டாய். உட்கார். கேள்.

அந்தக் காலத்தில் எல்லாப் பிராணிகளும் பேசின. பேசின என்றால் சும்மா இல்லை. நியாயம் கேட்டன, சண்டை போட்டன, சந்தைக்கு வந்து விலையும் பேசின. அதைவிடப் பெரிய விஷயம், அவரவர் பெயர் அவரவருக்கே சொந்தமாக இருந்தது. நாயை நாய் என்று கூப்பிடலாம், தடையில்லை. ஆனால் ஒரு மனிதனைப் பார்த்து நாய் என்று சொல்ல முடியாது. நாயைக் கேட்காமல் அதன் பெயரை எடுத்து இன்னொருவர் தலையில் வைத்தால், சொன்னவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பெயருக்கு உரியவர் மனசு வைத்து விட்டால் ஒழிய, பொழுது சாய்கிறவரை பிரியாது. சோறும் இறங்காது.

அதனால் மனிதனிடம் திட்டுவதற்கு என்று ஒரு சொல் இல்லை. கோபம் மட்டும் இன்றைக்கு இருக்கிற அளவு அன்றைக்கும் இருந்தது. சொல் இல்லாத கோபம் எங்கே போகும்? கைக்குத்தான் போகும். அப்போதெல்லாம் புருஷன் பெண்டாட்டி சண்டை ஆரம்பித்ததைப் பானை உடைகிற சத்தத்தை வைத்துத்தான் அக்கம்பக்கம் தெரிந்துகொள்ளும்.

தெற்கே கடலோரத்தில் ஓர் உப்பளம். அங்கே சடையாண்டி என்று ஓர் உப்பு வியாபாரி இருந்தான். பதினோரு கழுதைகள் மேல் உப்பு ஏற்றி, மூன்று நாள் நடந்து மலையடிவாரச் சந்தைக்குப் போவான். ஆள் கெட்டவன் இல்லை. வேளைக்குத் தண்ணி காட்டுவான், காலில் முள் ஏறினால் உட்கார்ந்து எடுப்பான். ஆனால் கோபம் வந்துவிட்டால் கையில் இருக்கிற புளியம் விளார்தான் பேசும். விளார் பட்ட இடம் கீறும். மேலே மூட்டை கசியும். உப்புத் தண்ணி கீறலுக்குள் இறங்கும். மூன்று நாள் வழி, மூன்று நாள் எரிச்சல். படுத்தாலும் எரியும், நின்றாலும் எரியும்.

அந்தப் பதினொன்றில் ஒருத்தி கருவாலி. வால் மட்டும் கறுப்பு. கோபக்காரி. அவளுடைய தாய் வழியில் விழுந்து செத்தபோது, தாயின் மூட்டையை இறக்கி அங்கேயே அவள் முதுகில் ஏற்றினார்கள். அன்றைக்கு அவளுக்கு ஒன்றரை வயசு. யாரும் அவளுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் அடி வாங்கித்தான் தெரிந்துகொண்டாள். நடு வழியில் நின்றுவிட்டால் சடையாண்டிக்குச் சந்தை தவறிப்போகும் என்பதைக் கண்டுபிடித்தாள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே பேசிப் பேசி உச்சி வெயிலுக்கு மரநிழல் வாங்கினாள், ஆற்றங்கரையில் ஒரு நாழிகை ஓய்வு வாங்கினாள், மூட்டையில் இரண்டு படி குறைக்கவும் வைத்தாள். மற்றக் கழுதைகளுக்கும் சேர்த்துத்தான். தன்னைப்போல் விலை பேச இந்தக் கரையில் ஆள் கிடையாது என்ற நினைப்பு அவளுக்கு உண்டு. அது பொய்யும் இல்லை.

அவளால் வாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். விளாரைக் கீழே போட வைக்க முடியவில்லை.

அந்த வருஷம் அவள் வயிற்றில் குட்டி இருந்தது. தன் முதுகு எப்படியோ போகட்டும், வயிற்றில் இருப்பது அந்த எரிச்சலை அறியவே கூடாது என்று முடிவு பண்ணிவிட்டாள். முடிவு பண்ணினால் பண்ணினதுதான்.

ஒரு தடவை ஆற்றைக் கடக்கும்போது மூட்டை ஒன்று அவிழ்ந்து, உப்பு தண்ணீரோடு போனது. முடிச்சுப் போட்டது சடையாண்டியேதான். ஆனால் அடி பதினோரு முதுகிலும் விழுந்தது. அடித்து முடித்த பிறகு அவன் கரையில் நின்றதைக் கருவாலி பார்த்தாள். கை ஓய்ந்துவிட்டது, கோபம் ஓயவில்லை. கரையில் தூக்கிப் போட்ட மீன்போல வாய் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. ஏதோ வெளியே வர வேண்டும், வர வழி இல்லை. அடடா, இவனுக்குக் குறைச்சல் இதுதானா என்று அவளுக்கு அங்கேதான் பிடிபட்டது.

சந்தைக்குப் போய் மூட்டை இறக்கினதும் அவனிடம் நேராகவே சொன்னாள்.

"ஓய் சடையாண்டி, உமக்குக் கோபத்துக்கு ஒரு சொல் இல்ல. அதான் கை ஓடுது. என் பேரைத் தாரேன். கோபம் வந்தா வாயால சொல்லும். கம்பைக் கீழ போடும்."

அவன் சிரித்தான். பெயரைச் சொன்னால் கோபம் போய்விடுமா என்று கேட்டான். மாதிரிக்கு ஒரு தரம் சொல்லிப் பார்க்கும், ஒரே ஒரு தரம், இலவசம் என்றாள் கருவாலி.

அந்த நேரம் பார்த்துச் சடையாண்டியின் மச்சினன் வேலாண்டி வந்து நின்றான். தூறல் விழுகிறது, உப்பை ஓலை போட்டு மூடு என்று சொல்லியிருந்ததை மறந்துவிட்டு மொச்சை தின்னப் போயிருந்தவன் அவன். பாதி மூட்டை கரைந்து கிடந்தது. சடையாண்டியின் கை தானாக விளாருக்குப் போனது. கருவாலி கண்ணைக் காட்டினாள். அவன் மச்சினனைப் பார்த்து வாயைத் திறந்து, "கழுதை" என்றான்.

நாக்கு ஒட்டவில்லை. அதைவிட ஆச்சரியம், நெஞ்சில் அடைத்துக்கொண்டு இருந்தது பெரிய ஏப்பம் வந்ததுபோல இறங்கிவிட்டது. வேலாண்டி முகம் சுருங்கினான், தலையைக் குனிந்தான், ஓடிப்போய் ஓலையை இழுத்து மூடினான். ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை, வேலையும் நடந்துவிட்டது. சடையாண்டிக்கு இன்னொரு தரம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லப் போனான். நாக்கு கெட்டியாக ஒட்டிக்கொண்டது. மாதிரி ஒரு தரத்துக்குத்தானே.

கருவாலி பொறுமையாக ஒரு வாய் வைக்கோல் மென்று முடித்தாள். பிறகு, சரி என்று தலையசைத்து அவன் நாக்கை விடுவித்தாள். சரக்கை ருசி காட்டிவிட்டு நிறுத்துவது எப்படி என்று அவளுக்கா தெரியாது?

பேச்சு ஆரம்பித்தது. விலைக்கே கொடுத்துவிடு என்று அவன் கேட்டான். விற்பனைக்கு இல்லை, இரவல் மட்டும்தான் என்றாள். பெயர் தன்னிடம் இருக்கிற வரைக்கும் கம்பைத் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டான். சந்தைக்குச் சந்தை கணக்கா, மழைக்கு மழை கணக்கா?

"அதெல்லாம் சில்லறைப் பேச்சு," என்றாள் கருவாலி. "என் பேரு, என் கணக்கு. கழுதைக் கணக்கில பேசும். ஒரு கழுதை பிறந்து சாகிற காலம் ஒண்ணு."

இதுவரைக்கும் அவள் பேசினதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. இதற்குப் பிறகுதான் கெட்டது.

அந்தச் சந்தையில் பெரிய பேரங்களை வாயால் முடிப்பதில்லை. இரண்டு பேரும் கையை நீட்ட, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். துண்டுக்குள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்து எண்ணிக்கை சொல்லிக்கொள்வார்கள். பிடித்த விரல் எத்தனையோ அத்தனை. சரி என்றால் தலை ஆடும், துண்டு எடுபடும். அதற்கு அப்புறம் பேச்சு மாறக் கூடாது, உள்ளே பேசினதை வெளியே சொல்லவும் கூடாது. மாட்டுத் தரகர்கள் எல்லாம் அப்படித்தான் செய்வார்கள். கருவாலி வருஷக்கணக்காக ஓரமாய் நின்று அதைப் பார்த்திருக்கிறாள். துண்டுக்குள் பேசுகிறவன்தான் ஆள், மற்றவன் எல்லாம் வாய்வீச்சு என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

சடையாண்டி வாயால் பேசத்தான் வாயைத் திறந்தான். அவள் விடவில்லை. துண்டைப் போடும் என்றாள்.

பக்கத்தில் நெட்டச்சி என்று ஒரு கொடியாடு கட்டிக் கிடந்தது. கால் நீளம், வாய் அதைவிட நீளம். கருவாலிக்குச் சந்தைச் சிநேகிதி. அது கழுத்தை நீட்டி மெதுவாகச் சொன்னது.

"ஏட்டி, உனக்கு விரல் இல்லயே. எனக்காவது குளம்பு ரெண்டாப் பிளந்திருக்கு. உனக்கு ஒத்தைக் கட்டை. அவன் என்ன பிடிச்சான்னு உனக்கு எப்படித் தெரியும்? வாயால பேசு, நாலு பேர் காதில விழட்டும்."

நல்ல சொல்தான். சொன்ன இடம்தான் சரியில்லை. சுற்றிலும் தரகர்கள் நின்றிருந்தார்கள். ஒருவன், கழுதைக்கும் துண்டா என்று வாய்க்குள் சிரித்தான். கருவாலிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஆட்டைப் பார்த்து, இலை தின்னுகிற வேலையை மட்டும் பார் என்றாள். முன்னங்காலைத் தூக்கி நீட்டினாள். சடையாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து மேலே போட்டு, இரண்டு கையையும் உள்ளே விட்டான்.

துண்டுக்குள் குளம்பின் மேல் ஓர் அழுத்தம் விழுந்தது. இது பெயருக்கு என்றான். கொஞ்சம் விட்டு இன்னோர் அழுத்தம். இது கம்புக்கு என்றான். குளம்பு என்பது கொம்பு மாதிரி. அழுத்தினால் அழுத்தினது தெரியும், எத்தனை விரல் என்று தெரியாது. இரண்டு அழுத்தமும் அவளுக்கு ஒரே மாதிரித்தான் இருந்தது. ஒரே மாதிரி என்றால் ஒரே எண்ணிக்கை, பெயர் எத்தனை காலமோ கம்பும் அத்தனை காலம் கீழே கிடக்கும் என்று எடுத்துக்கொண்டாள். எத்தனை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தரகர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ பேரம் பேசினவள், விரல் தெரியாதவள் என்று சந்தைக்கு முன்னால் ஒத்துக்கொள்வதா? தலையை ஆட்டினாள். துண்டு எடுபட்டது.

எத்தனைக்கு முடிந்தது என்று நெட்டச்சி கேட்டது. உள்ளே பேசினதை வெளியே சொல்லக் கூடாது என்றாள் கருவாலி, ரொம்பக் கெத்தாக.

ஆனாலும் முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சடையாண்டி விளாரைக் கொண்டுபோய்க் கூரை எரவானத்தில் செருகிவிட்டான். புதுச் சொல்லைச் சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுக்கவில்லை. மச்சினனைச் சொன்னான், முள்ளைச் சொன்னான், பெய்யாத மழையைச் சொன்னான். அவன் பெண்டாட்டி மாடத்தி ஒரு நாள் கேட்டுவிட்டு, எனக்கும் ஒரு வாய் கொடும் என்று வாங்கி, முதல் தரமே அவனைத்தான் சொன்னாள். அன்றைக்கு அந்த வீட்டில் பானை உடையவில்லை. ஊர் முழுக்கப் பரவிற்று. தெருவில் அந்தப் பெயர் கேட்கும்போதெல்லாம் கருவாலி தலையை நிமிர்த்திக்கொண்டு நடப்பாள். பாரு, என் பெயர்தான் இந்த ஊர் மண்டைகளைக் காப்பாற்றுகிறது என்பாள். பதினோரு முதுகிலும் மயிர் முளைத்துக் கீறல் மூடியது. அவளுக்குக் குட்டி பிறந்தது. நெற்றியில் சுழி இருந்ததால் சுழியன். வெறும் முதுகோடு உப்பளமெல்லாம் துள்ளித் திரிந்தான். அடி என்றால் என்ன என்று அம்மாவிடம் கேட்பான். அது அந்தக் காலத்துச் சங்கதி என்பாள்.

இரண்டு வருஷம் போனது. சொல் தேய்ந்தது. எந்த நேரமும் காலில் கிடக்கிற செருப்பு தேயாதா? வேலாண்டியைக் கழுதை என்றால், "என்ன மச்சான்" என்று எழுந்து வந்தான். முகம் சுருங்குவது எல்லாம் நின்றுபோனது. சொன்னவனுக்கு ஏப்பமும் வரவில்லை, ஆத்திரமும் அடங்கவில்லை. கோபம் நெஞ்சிலிருந்து பழைய வழியைப் பார்த்துக் கைக்கு இறங்க ஆரம்பித்தது.

சுழியன் முதுகில் முதல் மூட்டை ஏறின நாள். பழக்கமில்லாத பிள்ளை, ஆற்று இறக்கத்தில் கால் சறுக்கி முட்டி போட்டான். சடையாண்டி கழுதை என்று கத்தினான், ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தரம் கத்தினான். பிறகு கரைப் புளியமரத்தில் ஒரு விளாரை ஒடித்தான். கருவாலி முன்னால் வந்து குறுக்கே நின்றாள். ஓங்கின விளார் அவள் முதுகுக்கு ஒரு சாண் மேலே வந்து, அவளைத் தொடாமல், அவளைச் சுற்றிக்கொண்டு போய்ப் பிள்ளை முதுகில் விழுந்தது. உப்பு இறங்கியது. சுழியன் கத்தவில்லை, அவனுக்கு அது என்ன என்றே தெரியவில்லை. அம்மாவைத்தான் பார்த்தான்.

"வாக்கு என்ன ஆச்சு?" என்றாள் கருவாலி.

"வாக்கு அப்படியேதான் இருக்கு," என்றான் சடையாண்டி. "உன்னைத் தொட்டேனா? பேருக்கு ஏழு விரல் வச்சேன், கம்புக்கு ஒரு விரல் வச்சேன். ஏழு கழுதை வயசுக்குப் பேரு என்னது. கழுதைக் கணக்குன்னு நீதானே சொன்ன, கம்பு படாதது ஒரு கழுதைக்கு. அது நீ. உன் ஆயுசு முடியுமட்டும் உன் மேல விழாது."

"எனக்கு விரல் தெரியலயே."

"அதை அன்னைக்குச் சொல்லியிருந்தா வாயாலயே சொல்லியிருப்பேனே. நீதான் துண்டு கேட்ட. நீதான் தலையை ஆட்டுன."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வைத்த விரல் எத்தனை என்று குளம்புக்குத் தெரியாது என்பது அவனுக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்துதான் வைத்தான் என்பதும் அவளுக்கு அந்த நொடியில் விளங்கிற்று. அப்படியானால் என் ஒன்றைப் பிள்ளைக்கு மாற்றிவிடும், அவனுக்கு உள்ளதை என் முதுகில் போடும் என்று கெஞ்சினாள். கருவாலி கெஞ்சினது அது ஒரு தடவைதான். துண்டுப் பேச்சு மாறாது என்றுவிட்டான். மூன்று நாள் வழியும் அவள் வழுவழுத்த முதுகோடு நடந்தாள், பக்கத்தில் பிள்ளை கீறின முதுகோடு நடந்தான்.

சந்தை வந்தது. மூட்டை இறக்கும்வரைகூட அவள் நிற்கவில்லை. நட்ட நடுவே, மாட்டுத் தரகர்கள் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் போனாள். எதை மறைக்கத் தலையை ஆட்டிப் பிள்ளையை அடிக்கு விட்டாளோ, அதைக் கழுத்தை நீட்டி, பல்லெல்லாம் தெரிய வாயைத் திறந்து, தொண்டை கிழியச் சொன்னாள். எனக்கு விரல் கணக்குத் தெரியாது. தெரியாமல் தலையை ஆட்டினேன். பெயருக்கு ஏழு, கம்புக்கு ஒன்று. எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு முடிந்ததும் என் பெயரை என் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

துண்டுக்குள் பேசினதை வெளியே சொன்ன முதல் ஆள் அவள்தான். தரகர்கள் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. மூச்சை இழுத்து மறுபடி முதலிலிருந்து சொன்னாள். நெட்டச்சி மட்டும் சிரிக்கவில்லை. சுழியன் பக்கத்தில் வந்து நின்று, அம்மாவோடு சேர்ந்து அவனும் கத்தினான். பிறகு மற்றப் பத்துக் கழுதைகளும்.

பின்னால் பிராணிகளுக்குப் பேச்சு நின்றுபோன காலம் வந்தது. வார்த்தைகள் எல்லாருக்கும் உதிர்ந்தன. கழுதைக்கும் உதிர்ந்தன, அந்தச் சத்தம் மட்டும் உதிரவில்லை. மனிதன் நாக்கோ ஒரு பெயரில் பழகிவிட்டதால் மற்றப் பெயர்களுக்கும் கூசாமல் போனது. நாயை எடுத்துக்கொண்டான், பன்றியை எடுத்துக்கொண்டான், குரங்கை, எருமையை எடுத்துக்கொண்டான், ஒருவரையும் கேட்கவில்லை. கப்பலில் வந்த இங்கிலீஷ்காரன்கூடச் சும்மா இல்லை. புத்தி கெட்டவனை டாங்கி என்றான். யாரும் செய்ய விரும்பாத சலிப்பான வேலைக்கு டாங்கி வொர்க் என்று பெயர் வைத்தான். ரொம்ப ரொம்பக் காலம் என்பதற்குக் கழுதையின் வருஷங்கள் என்று அவன் பாஷையில் இன்றைக்கும் சொல்கிறான். எத்தனை கழுதை என்ற கணக்கு அவனுக்குத் தெரியாது.

உனக்குத் தெரியும். அன்று முதல்தான் நீ கழுதை என்று திட்டுகிறாய், அன்று முதல்தான் கழுதையும் ரகசியம் பேசுவதை விட்டு ஊரே கேட்கக் கத்துகிறது. விடிந்தும் எழாத பிள்ளையின் போர்வையை இழுத்து, ஏழு கழுதை வயசாச்சு என்று சொல்கிறாயே, அது யார் வாய்? உன் வாய்தானே? ஏழும் ஆகிவிட்டது என்று நீயே தினம் சாட்சி சொல்கிறாய். அப்புறம் என்ன இழுத்தடிப்பு? அதோ தெருமுனையில் மறுபடியும் கத்துகிறது. எழுந்து போ. பெயரைக் கொடு. கையில் இருக்கிற கம்பையும் போட்டுவிட்டு வா.